மலை சைக்கிளும் திருட்டு மாங்காயும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. நம்ம சைக்கிள் கேங் மக்கள் இதைப் படிச்சிட்டு என்னை குரூப்பை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்லை.

ஞாயித்துக்கிழமை காலைல நாலரை மணி. எல்டாம்ஸ் ரோடு பக்கம் ஒரு டீக்கடை. காருக்குப் பின்னாடி மாட்டியிருந்த என் சைக்கிளை டீ மாஸ்டர் அண்ணன் மேலயும் கீழயும் பார்த்தார்.

"இன்னா சார், டயரு இம்மாம் பெருசா கீது?"

"மலை சைக்கிள்ணா. மலைல ஓட்டுறது."

"ஆழ்வார்பேட்டைல ஏது சார் மலை?"

நான் சிரிச்சிட்டே டீயைக் குடிச்சிட்டு வண்டிய எடுத்துட்டேன். ஆனா அந்தக் கேள்வி மட்டும் டிடிகே ரோடு தாண்டியும் கூடவே வந்துச்சு. அதுக்கு நான் சொல்லாம விட்ட பதில்தான் இந்தப் பதிவு.

மலை இருக்கு. சென்னைல மலையே இல்லைன்னு சொல்றவங்க பரங்கிமலைய மறந்துட்டாங்க. சுமார் 300 அடி. 1802-ல் லாம்டன் துரை இந்தியாவையே அளக்கக் கிளம்பினப்போ முதல் கோடு போட்டது அங்கேருந்துதான். அது இல்லாம திரிசூலம், பல்லாவரம், வண்டலூர்னு தெற்குப் பக்கம் முழுக்க சின்னச் சின்ன பாறைக்குன்று. அதுல பாதிய நாம ஜல்லி உடைச்சே தின்னுட்டோம். ஆழ்வார்பேட்டைல இருக்கிற அபார்ட்மெண்ட்டுக்கு எல்லாம் ஜல்லி வானத்துலேருந்தா வந்துச்சு?

ஆக மலை இருக்கு, சைக்கிளும் இருக்கு. 1949-ல் தொடங்கின டி.ஐ. சைக்கிள்ஸ் நம்ம ஊர்க் கம்பெனி. சின்ன வயசுல 'எம்டிபி'ங்கற மூணு எழுத்தை ஹெர்குலிஸ் சைக்கிள் மேல பார்த்துதான் நான் கத்துக்கிட்டேன். அதுக்கு விரிவு 'மவுண்டன் டெரெய்ன் பைக்'குன்னு காலேஜ் போனப்புறம்தான் தெரியும். இன்னைக்கு எந்த அபார்ட்மெண்ட் பார்க்கிங்லயும் ரெண்டு மூணு கியர் சைக்கிள், முன்னாடி ஷாக், பட்டன் டயரோட தூசி படிஞ்சு நிக்குது. இந்த ஊர்ல இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். அதை மண்ணுல ஓட்டுறதுக்கு அனுமதியுள்ள ஒரு தடம்.

அதனால நாங்க என்ன பண்றோம்? திருடுறோம்.

ஆமா மக்களே, அதுதான் சரியான வார்த்தை. மூணு வருஷமா நானும் திருடியிருக்கேன். தெற்குப் பக்கம் ஒரு காப்புக்காடு. பேர் சொல்ல மாட்டேன், சொன்னா அடுத்த வாரம் இருபது சைக்கிள் போய் நிக்கும். விடியறதுக்கு முன்னாடி போவோம். வேலியில ஒரு இடத்துல கம்பி வளைஞ்சிருக்கும். சைக்கிளைத் தலைக்கு மேல தூக்கி உள்ள போட்டுட்டு நாமளும் குனிஞ்சு நுழைஞ்சா, ஆடு மாடு போட்ட ஒத்தையடிப் பாதை. கள்ளிச்செடி, பாறை, சரளை, இறக்கம். சும்மா சொல்லக் கூடாது, சொர்க்கம்! வாரம் முழுக்க பொட்டி தட்டி மழுங்கிப் போன மண்டைக்கு அந்த நாப்பது நிமிஷம் போதும். திருட்டு மாங்காய்க்கு ருசி அதிகம்னு சும்மாவா சொன்னாங்க.

1882-ம் வருஷத்து தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது குற்றம். எங்க கேங்ல எல்லாருக்கும் இது தெரியும். "பாஸ், நாம என்ன சந்தன மரமா வெட்டுறோம், சைக்கிள்தானே ஓட்டுறோம்"னு ஒரு ஸ்டாக் டயலாக் வச்சிருப்போம்.

ரெண்டு விஷயம் நடந்துச்சு. அதோட அந்த டயலாக் எனக்கு வாயில வரல.

முதல் விஷயம், ஒரு ஆந்தை. கொம்பன் ஆந்தை. காதுக்கு மேல ரெண்டு கொம்பு மாதிரி இறகு, ஆரஞ்சுக் கண்ணு, நல்ல பெரிய பறவை. கூடெல்லாம் கட்டாது. பாறை இடுக்குல, வெறும் தரையிலயே முட்டை வைக்கும். ஒரு ஜனவரி காலைல நாங்க ஆறு பேர் வரிசையா ஒரு பாறை ஓரமா இறங்கறோம். என் முன் டயர்லேருந்து நாலடி தூரத்துல அது எந்திரிச்சுப் பறந்துச்சு. சத்தமே இல்லாம. பிரேக் அடிச்சுப் பார்த்தா வெறும் பாறையில வெள்ளையா மூணு முட்டை. எங்க கூட வந்த ஒருத்தர் ஹெல்மெட் கேமராவுல அதையும் எடுத்து, இடத்தோட பேரையும் போட்டு அன்னைக்கு ராத்திரியே ஏத்திட்டார். அடுத்த வாரம் நான் போகல. போனவங்க சொன்னது: அன்னைக்கு அங்க மட்டும் மூணு குரூப்பாம். முட்டையைக் காணோமாம். கீரி எடுத்துச்சா, மனுஷன் எடுத்தானா, இல்ல தாய் திரும்பி வராமலே போச்சா, யாருக்கும் தெரியாது. தெரியாதுங்கறது எங்களுக்கு ரொம்ப வசதியா இருந்துச்சு.

இதுல இன்னொரு கொடுமை, ஓடின தடத்தை மேப்ல பதியற ஆப். காப்புக்காட்டு நடுவுல ஒரு இறக்கத்துக்கு நம்ம ஆளுங்களே பேர் வச்சு, யார் ஃபாஸ்ட்டுன்னு பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. பட்டியல்ல நானும் ஒரு காலத்துல ஏழாவது இடம். திருடினதுக்கு டைமிங் போட்டு, சாட்சிக் கையெழுத்தும் போட்ட ஒரே கூட்டம் நாமதான்.

ரெண்டாவது விஷயம் நண்பன் விழுந்தது. இது காடு இல்ல, கைவிட்ட கல்குவாரி. அங்க யாரும் கேக்க மாட்டாங்கன்னு போனோம். சரளை மேல முன் சக்கரம் வழுக்கி, குவாரி விளிம்புலேருந்து ரெண்டு ஆள் நீளம் தள்ளி விழுந்தான். காலர் எலும்பு ரெண்டு துண்டு. விளிம்புக்கு அந்தப் பக்கம் செங்குத்தா பள்ளம், அடியில பச்சைத் தண்ணி. அவனைத் தூக்கிட்டு ரோட்டுக்கு வர ஒண்ணேமுக்கால் மணி நேரம் ஆச்சு. ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணா எந்த இடம்னு சொல்லத் தெரியல. சொல்லத் தெரிஞ்சாலும் சொல்லப் பயம். ஆஸ்பத்திரியில "பைக்லேருந்து விழுந்துட்டான், வீட்டுக்குப் பக்கத்துலயே"ன்னு பொய் சொன்னோம். அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீயாவது கூட இருந்தியே, நல்லாயிருப்பே தம்பி"ன்னு அழுதாங்க. அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் என்ன பதில் சொல்றது சொல்லுங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்தக் கதை தமிழ்நாட்டுக்குப் புதுசா? இல்ல. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவங்க காட்டுத்தீயில மாட்டி 23 பேர் செத்துப் போனாங்க. நம்ம வயசுக்காரங்க. நிறைய பேர் ஐ.டி. மக்கள். அதுக்கு முன்னாடி வரைக்கும் தமிழ்நாட்டுல மலையேற்றம்ங்கறது பாதி அனுமதி, பாதி 'பார்த்துக்கலாம்'. செத்த பிறகு தடை வந்துச்சு, விதிமுறை வந்துச்சு. அப்புறம் ஆறு வருஷம் கழிச்சு, 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு அரசே ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு. 14 மாவட்டத்துல 40 தடம். ஆன்லைன்ல பதிவு, உள்ளூர் மக்களே வழிகாட்டி, காட்டுத்தீ சீசன்ல மூடிடறது. நம்ம பக்கத்துல திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகூட அதுல இருக்கு. நல்ல திட்டம், மனசாரப் பாராட்டுறேன்.

ஆனா வரிசையைப் பாருங்க. முதல்ல ரகசியம். அப்புறம் சாவு. அப்புறம் தடை. அப்புறம்தான் தடம். மலை சைக்கிள் இப்போ முதல் படியில நிக்குது. ரெண்டாவது படியைத் தாண்டாம நேரா நாலாவது படிக்குப் போக முடியாதா? இதுதான் என் மொத்தக் கேள்வியும்.

போக முடியும். நான் கண்ணால பார்த்திருக்கேன்.

ஆபீஸ் ஆன்சைட்னு ஆறு மாசம் சிங்கப்பூர்ல தள்ளினாங்க. சாங்கி பாயின்ட்டுலேருந்து ஒரு மரப்படகு, 12 பேர் சேர்ந்தாத்தான் கிளம்பும். நம்ம ஷேர் ஆட்டோ மாதிரியே. பத்து நிமிஷத்துல உபின் தீவு. அந்தத் தீவும் ஒரு காலத்துல கருங்கல் குவாரி. தோண்டி எடுத்து, பள்ளத்துல தண்ணி நின்னு, அம்போன்னு விட்ட இடம். அங்க கேத்தாம் குவாரியைச் சுத்தி 45 ஹெக்டேர்ல 2008-ல் மலை சைக்கிள் பூங்கா திறந்திருக்காங்க. சுமார் 10 கிலோமீட்டர் தடம். ஒவ்வொரு பிரிவு வாசல்லயும் பலகை: நீலச் சதுரம்னா நடுத்தரம், கறுப்பு வைரம்னா கஷ்டம், ரெட்டைக் கறுப்பு வைரம்னா உங்க வீட்டுல சொல்லிட்டு வாங்கன்னு அர்த்தம் :-). வாடகை சைக்கிள்ல நான் நீலத்தோட நிறுத்திக்கிட்டேன். குவாரித் தண்ணிக்கு மேல உக்காந்து பார்த்தப்போ எனக்கு நம்ம குவாரியும் நண்பன் விழுந்த சத்தமும்தான் ஞாபகம் வந்துச்சு. அதே கல்லு. அதே பள்ளம். அதே பச்சைத் தண்ணி. வித்தியாசம் ஒரு பலகையும் ஒரு பொறுப்பாளரும்.

"சிங்கப்பூர்ல காசு இருக்கு பாஸ்"னு ஆரம்பிக்காதீங்க. பக்கத்து வீட்டைப் பார்ப்போம். கேரளாவுல திருவனந்தபுரம் பக்கத்துல பொன்முடி. 2023 அக்டோபர்ல ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பையே அங்க நடத்திக் காட்டினாங்க.

காசுன்னு பேசினா நம்ம ஊர்லயும் பேசலாம். 2024 ஆகஸ்ட் கடைசியில தீவுத்திடலைச் சுத்தி 3.5 கிலோமீட்டர் ரோட்டை மூடி ராத்திரியில கார் ரேஸ் விட்டோம். அதே அக்டோபர்ல எங்க ஏரியாவுக்குப் பக்கத்துலயே, கதீட்ரல் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு பூங்கா திறந்தாங்க. ஆறு ஏக்கர்ல 500 மீட்டர் ஜிப்லைன் தொங்குது. கம்பியில மனுஷனைத் தொங்கவிட்டு அனுப்பத் தைரியம் இருக்கிற ஊருக்கு, ரெண்டடி அகலத்துக்கு ஒரு மண் பாதை போட என்ன பயம்?

இப்போ எதிர்க்கட்சிக்காரங்க கேள்விக்கு வர்றேன்.

கேள்வி ஒண்ணு: "சைக்கிள் ஓட்டினா மண்ணு அரிச்சுப் போயிடாதா?" தப்பாப் போட்ட பாதை யார் நடந்தாலும் அரிக்கும். அமெரிக்காவுல மொன்டானாவுல பண்ணி 1994-ல் வெளியான ஒரு ஆய்வுல, மண்ணைக் கிளப்பறதுல சைக்கிளைவிட குதிரையும் மனுஷக் காலும்தான் மோசம்னு வந்துச்சு. அதைக் காட்டி நம்ம காட்டுக்குள்ள போகலாம்னு நான் சொல்லல. அது வேற மண்ணு, அதோட அதுல ஆந்தை முட்டை கணக்குல இல்ல. நான் சொல்றது, பாதை போடறதுக்கு ஒரு இன்ஜினியரிங் இருக்கு. சரிவோட சாய்மானத்துல பாதிக்கு மேல பாதையோட சாய்மானம் இருக்கக் கூடாது. அதாவது குன்று 16 சதவீதம் சரிஞ்சா பாதை 8-ஐத் தாண்டக் கூடாது. மொத்தப் பாதைக்கும் சராசரி 10 சதவீதத்துக்குள்ள. பாதை வெளிப்பக்கமா லேசா, ஒரு 5 சதவீதம் சாஞ்சிருக்கணும், தண்ணி நிக்காம விளிம்பு தாண்டி ஓடிடும். இறக்கத்துல அங்கங்க ஒரு சின்ன ஏத்தம் வைக்கணும், அப்போ தண்ணி பாதையவே வாய்க்காலா ஆக்கிக்காது. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் ஒரே நாள்ல ஊத்தித் தள்ளற நம்ம ஊர் மழைக்கு இதெல்லாம் ரொம்பவே அவசியம். மழை பெஞ்ச ரெண்டு மூணு நாள் தடத்தை மூடிடணும். ஆடு போட்ட பாதைல இதுல ஒண்ணுகூட கிடையாது. அதுல நாம ஓட்டி ஓட்டித்தான் அது ஓடையா மாறிட்டிருக்கு.

கேள்வி ரெண்டு: "யாராவது செத்தா யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. அதிகாரி இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் கேப்பேன். ஆனா இப்போ யார் பொறுப்பு? சென்னையைச் சுத்தி இருக்கிற கைவிட்ட குவாரித் தண்ணியில வருஷா வருஷம் பசங்க முழுகிச் சாகறாங்க. யாராவது பொறுப்பு எடுத்துக்கிட்டாங்களா? பொறுப்பாளர் இல்லாத இடம்தான் கொல்லுது. வேலி, பலகை, கிலோமீட்டர் கல், முதலுதவிப் பெட்டி, ஆம்புலன்ஸ் வர ஒரு வழி. இது இருந்திருந்தா என் நண்பன் இருபது நிமிஷத்துல ஆஸ்பத்திரியில இருந்திருப்பான், நாங்களும் உண்மையைச் சொல்லியிருப்போம்.

கேள்வி மூணு: "குவாரித் தண்ணி குடிதண்ணியாச்சே?" கரெக்ட். 2017 வறட்சியில சிக்கராயபுரம் குவாரித் தண்ணியைச் சுத்திகரிச்சு நாம குடிச்சோம். அந்த மாதிரி இடத்தைத் தொடவே வேணாம். தண்ணி எடுக்காத, காப்புக்காட்டுக்கும் வெளில இருக்கிற ஒரே ஒரு வறண்ட குவாரியோட மேல்விளிம்பு போதும். பள்ளத்துலேருந்து நல்லா தள்ளி, நடுவுல வேலி போட்டு.

கேள்வி நாலு, இதுதான் எனக்கு உண்மையிலேயே வலிச்சது: "லட்ச ரூபாய் சைக்கிள் வச்சிருக்கிற ஆழ்வார்பேட்டை பசங்களுக்கு அரசாங்கம் எதுக்குப்பா செலவு பண்ணணும்?" ஒத்துக்கறேன், எங்க கேங் ஹெல்மெட் விலையில ஒரு சாதா சைக்கிளே வாங்கலாம். ஆனா தடம் எங்களுக்கு மட்டும்னு யார் சொன்னா? பிளஸ் ஒன் படிக்கிற அரசுப் பள்ளிப் பசங்களுக்கு இதே அரசு விலையில்லா சைக்கிள் தருது. சைக்கிள் குடுத்தாச்சு, ஓட்ட இடம்? மேடு பள்ளமா ஒரு சின்ன மண் சுத்துப்பாதை போட்டா, கியர் இல்லாத சைக்கிள்லயே பறக்கலாம். கோவளத்துல பாருங்க, மீனவப் பசங்க கடல்ல சர்ஃபிங் கத்துக்கிட்டு இன்னைக்கு ஊருக்கே கத்துக்கொடுக்கறாங்க. குவாரி ஓரத்து ஊர்லயும் பசங்க இருக்காங்க. தடம் வந்தா ஒரு வருஷத்துல என்னை மாதிரி ஆளுங்களை அவங்க சும்மா தூசி கிளப்பிட்டுப் போவாங்க. எனக்கு அதைப் பார்க்கணும்.

இப்போ அரசாங்கத்தை விட்டுட்டு நம்ம கேங்குக்கு வர்றேன். ஏன்னா என் கோபம் முக்கால்வாசி நம்ம மேலதான்.

மலை சைக்கிள் பிறந்த கதை நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். கலிஃபோர்னியாவுல மாரின் கவுண்டி, 1976, பழைய சைக்கிளை ஒட்டிப் பிரிச்சு மலை இறக்கத்துல ரேஸ் விட்டாங்க. ஒரு தடவை இறங்கினாலே பிரேக் சூட்டுல ஹப்புல இருக்கிற கிரீஸ் எல்லாம் புகையா போயிடும், திரும்ப கிரீஸ் அடைக்கணும். அதனாலதான் அந்த ரேஸுக்கு 'ரீபேக்'னு பேர் வந்துச்சு. டீ-ஷர்ட்டுல எல்லாம் போட்டுக்கறோம். ஆனா அதே கலிஃபோர்னியாவுல அப்புறம் தடத்தை எல்லாம் சைக்கிளுக்கு மூட ஆரம்பிச்சாங்க. அப்போ அங்க இருந்த கிளப்புகள் வேலியை வளைக்கல. 1988-ல் ஒண்ணா சேர்ந்து ஒரு சங்கம் வச்சாங்க. மண்வெட்டி எடுத்தாங்க. அதிகாரிங்ககூட உக்காந்து பேசினாங்க. நான் மேல சொன்ன சாய்மானக் கணக்கை உலகம் முழுக்கக் கொண்டுபோனது அந்தச் சங்கம்தான். எட்டு வருஷத்துல, 1996-ல் மலை சைக்கிள் ஒலிம்பிக்ஸ்லயே சேர்ந்துடுச்சு. கதையில பாதிய மட்டும் டீ-ஷர்ட்டுல போட்டுக்கிட்டு மீதியை விட்டுட்டோம்.

நாம என்ன பண்றோம்? ஒரு மனு எழுதியிருக்கோமா? ஒரு தடவை கலெக்டர் ஆபீஸ் படி ஏறியிருக்கோமா? இல்ல. ஏன்னா திருட்டு மாங்காய் கையில இருக்கிறப்போ மாமரம் நட யாருக்கும் பொறுமை இல்ல. நம்ம பாஷைல சொல்லணும்னா, டெஸ்ட் சர்வர் வேணும்னு மேனேஜர்கிட்ட கேக்காம ப்ரொடக்‌ஷன்ல நேரா கை வச்சிட்டிருக்கோம். அதுவும் அடுத்தவன் ப்ரொடக்‌ஷன். அந்த ஆந்தையோடது.

அதனால நான் முடிவு பண்ணிட்டேன். காப்புக்காட்டுக்குள்ள என் டயர் இனிமே போகாது. அந்த ஆப்ல நான் பதிஞ்ச தடம் எல்லாத்தையும் அழிச்சிட்டேன், ஏழாவது இடம் உட்பட. நீங்களும் அழிங்க. ஹெல்மெட் கேமரா வச்சிருக்கறவர், முக்கியமா நீங்க. அதோட ஒரு மனு எழுதிட்டிருக்கேன்: ஒரு குவாரி, ஒரு வேலி, 3 கிலோமீட்டர் தடம், ஒரு பலகை. மண்ணு வெட்ட நாங்க வர்றோம், கூலி வேணாம். கையெழுத்து போட ரெடியா இருக்கறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறவங்களும் தாராளமா திட்டுங்க, ஆனா திட்டிட்டு ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க.

போன ஞாயித்துக்கிழமையும் டீ குடிக்கப் போனேன், சைக்கிள் இல்லாம. "இன்னா சார், மலைக்குப் போலியா?"ன்னு கேட்டார் டீ மாஸ்டர் அண்ணன். இல்லண்ணா, கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதணும்னேன்.

"அதான் சார் ரொம்ப ஒசரமான மலை"ன்னார்.

நண்பனுக்கு தோள்ல பிளேட் வச்சிருக்காங்க. அவன்தான் மனுவுல முதல் கையெழுத்து. இடது கையில போட்டான், கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு. அவங்க அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டோம். ரெண்டு பேருக்கும் செம டோஸ் விழுந்துச்சு. திட்டி முடிச்சிட்டு, "பேனாவைக் குடு"ன்னு வாங்கி ரெண்டாவது கையெழுத்து அவங்க போட்டாங்க.